வீட்டுல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க? செல்லப்பெயரும் கொஞ்சம் நிம்மதியும்!

ஆதார் கார்டில் இருக்கும் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? அம்மு, குட்டி, பாப்பா, சின்னவன், பட்டு, மணி, கண்ணு, தங்கம்... ஏதோ ஒன்று இருக்கும்.

நாற்பது வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்து, ஆபீஸில் பத்துப் பேர் 'சார்' போடும் ஆளாகவே இருங்கள். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், 'டேய் குட்டி, எப்படா வந்த?' என்று ஒரு குரல் கேட்டால் போதும். தோளில் தொங்கும் பையின் எடை பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

அந்த நொடியில் அப்படி என்ன நடக்கிறது? ஒரு பெயருக்கும் நம் நிம்மதிக்கும், ஏன், நம் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? சிலருக்கு மட்டும் அதே செல்லப்பெயர் ஏன் காயமாகிப்போகிறது? என் கதையில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் 'ஆழாக்கு' ஆன கதை

நான் எட்டாம் மாசத்திலேயே அவசரமாகப் பிறந்துவிட்டேன். எடை ஒன்றே முக்கால் கிலோ. சிவகங்கைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பார்க்க வந்த அப்பத்தா, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, 'என்னடி இது, ஆழாக்கு கணக்கா இருக்கு' என்றாராம். அவ்வளவுதான். ஜோசியர் எழுத்து பார்த்து, அப்பா தேடித் தேடி வைத்த பெயர் சர்ட்டிஃபிகேட்டோடு நின்றுவிட்டது. வீட்டில் நான் ஆழாக்கு.

கிலோ கணக்கில் வளர்ந்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு. இரண்டு உழக்கு ஒரு உரி. இரண்டு உரி ஒரு படி. அதாவது, படியில் எட்டில் ஒரு பங்குதான் ஆழாக்கு. அப்பத்தா வீட்டு அரிசிப் பானைக்குள் இன்றைக்கும் ஒரு பித்தளை ஆழாக்கு கிடக்கிறது.

லீவுக்கு ஊருக்குப் போனால், 'ஏத்தா ஆழாக்கு, இங்க வாத்தா' என்ற குரல் தெருமுனை வரை கேட்கும். அந்தக் குரலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பனியாரமோ, நுங்கோ இருக்கும். அதனால் எனக்கு அந்தப் பெயர் மேல் எந்தப் புகாரும் இருந்ததில்லை, எட்டாம் வகுப்பு வரை.

எட்டாம் வகுப்பில் என் சித்தி பையன் எங்கள் ஸ்கூலில் சேர்ந்தான். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க நான் ஆழாக்கு. பிரேயர் வரிசையில் முதல் ஆளாக நின்றால் ஆழாக்கு. போர்டில் மேலே எழுத எட்டவில்லை என்றால் ஆழாக்கு. என் பெஞ்சில் யாரோ காம்பஸால் கீறியே வைத்திருந்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன். 'இனிமே என்னை யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது!'

எல்லோரும் சரி என்றார்கள். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளில் இருந்து என் சர்ட்டிஃபிகேட் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அது அவர் வாயில் சரியாக நுழையவில்லை. வடமொழி எழுத்து வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கும். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார். போனில், 'சாப்பிட்டியாத்தா? நல்லாருக்கியா?' என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பதின்மூன்று வயதில் ஜெயித்த சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

இதன் மிச்சக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

காது ஏன் பெயரைத் தேடுது?

கல்யாண மண்டபம். மேளச் சத்தம், சாப்பாட்டுப் பந்தி, நூறு பேர் பேச்சு. எதுவும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்காது. ஆனால், பத்தடி தள்ளி யாரோ உங்கள் பெயரைச் சொன்னால் உடனே திரும்புவீர்கள். இதைப் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1959-ல் நெவில் மோரே என்ற உளவியலாளர், ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒரு பேச்சையும், மறு காதுக்கு வேறொரு பேச்சையும் கொடுத்தார். ஒரு காதில் கேட்பதை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கவனிக்காத காதில் என்ன ஓடியது என்று கேட்டால், யாருக்கும் பெரிதாக எதுவும் நினைவில்லை. ஆனால், அந்தக் காதில் அவரவர் பெயரைச் சொன்னபோது, சுமார் மூன்றில் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார்.

இந்தப் பழக்கம் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. நாலரை மாதக் குழந்தை மற்ற பெயர்களைவிடத் தன் பெயரைக் கேட்கும்போது அதிக நேரம் கவனிக்கிறது என்று 1995-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

நம் வீடுகளில் அந்த வயதில் குழந்தையை யார் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? 'செல்லக்குட்டி', 'தங்கம்', 'பாப்பா'தானே? 'இது நம்மைத்தான்' என்று நம்மில் பலர் முதன்முதலில் தெரிந்துகொண்ட சத்தம் செல்லப்பெயராகத்தான் இருக்கும். சர்ட்டிஃபிகேட் பெயர் ஸ்கூல் அட்மிஷனின்போது வந்து ஒட்டிக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, செல்லப்பெயர் கேட்டால் நாம் கொஞ்சம் சின்னப் பிள்ளையாகிவிடுகிறோம்.

பெரிய ஆட்களும் இதற்கு விலக்கில்லை. உலகம் கொண்டாடிய எம்.எஸ்.சுப்புலட்சுமி, நெருக்கமானவர்களுக்குக் 'குஞ்சம்மா'. கணிதமேதை ராமானுஜனை அவர் அம்மா கூப்பிட்டது 'சின்னசாமி' என்று.

குப்பனும் பிச்சையும்

எல்லாச் செல்லப்பெயரும் கொஞ்சலில் பிறந்ததில்லை. சில பெயர்கள் பயத்தில் பிறந்தவை.

குப்பன், குப்பாயி, பிச்சை, பிச்சையம்மாள், மண்ணாங்கட்டி... இந்தப் பெயர்களைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிக்கலாம். ஆனால், பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், அடுத்துப் பிறந்த குழந்தைக்கு இப்படிப் பெயர் வைப்பது வழக்கமாக இருந்தது. குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துவந்து 'குப்பன்' என்பார்கள். இது யாருக்கும் வேண்டாத குழந்தை என்று எமனை நம்பவைக்கும் தந்திரம். அசிங்கமான பெயருக்குள் அம்மாவின் கெஞ்சல் ஒளிந்திருந்தது. தடுப்பூசியும் பிரசவ ஆஸ்பத்திரியும் எட்டாத காலத்தில், குழந்தை நல்லபடியாக இருக்க அவர்கள் கையில் இருந்தது ஒரு பெயர்தான்.

ஒரு 'போதும்', இரண்டு அர்த்தம்

இன்னொரு வகைப் பெயரும் உண்டு. போதும்பொண்ணு. இரண்டு, மூன்று பெண் குழந்தைகளுக்குப் பிறகு இன்னொரு பெண் பிறந்தால், 'இதோட போதும்' என்று சாமியிடம் சொல்வதற்காக வைக்கும் பெயர். 'வேண்டாம்' என்றேகூடப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். 'போதும்' என்பது நம் மொழியில் எவ்வளவு நிறைவான வார்த்தை! வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இலையின் மேல் கையை நீட்டி, 'போதும்மா' என்கிறோமே, அதில் இருக்கும் திருப்திக்கு ஈடு உண்டா? இருப்பது போதும் என்று நினைக்கத் தெரிந்த மனசை மருந்து என்றே நம் பழமொழி சொல்லும். அதே வார்த்தையை ஒரு பெண் குழந்தையின் நெற்றியில் ஒட்டினால், அவள் வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் 'நீ அதிகப்படி' என்று கேட்டுக்கொண்டே வளர்வாள்.

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமில்லை. மகாராஷ்டிராவில் இப்படிப்பட்ட பெண் குழந்தைகளுக்கு 'நகுசா' என்று பெயர். மராத்தியில் 'வேண்டாதவள்' என்று அர்த்தம். 2011 அக்டோபரில் சத்தாரா மாவட்டத்தில் 285 சிறுமிகளுக்கு விழா எடுத்துப் புதுப் பெயர் வைத்தார்கள். புதுப் பெயரைப் பல சிறுமிகள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

எங்கே முடியுது கிண்டல்?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். குண்டு, கட்டை, கருப்பி, ஒல்லிக்குச்சி, சோடாபுட்டி, பல்லி... ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள். 'சும்மா கிண்டலுக்குத்தானே' என்போம். ஆனால், அந்த நாலு பேரில் சிலர் இன்றைக்கும் குரூப் போட்டோவில் கடைசி வரிசையில், யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால்தான் நிற்பார்கள். கவனித்திருக்கிறீர்களா?

ஒரே பெயர் ஒரு வாயில் செல்லமாகவும் இன்னொரு வாயில் குத்தலாகவும் இருக்கும் என்பதற்கு நானே சாட்சி. அப்பத்தா சொன்ன ஆழாக்கும், என் பெஞ்சில் கீறப்பட்ட ஆழாக்கும் எழுத்தில் ஒன்றுதான். அப்படியென்றால் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்விகள் போதும்.

*அந்தப் பெயரைச் சொல்லும்போது சிரிப்பது யார்?* கூப்பிடுபவரும் கூப்பிடப்படுபவரும் சேர்ந்து சிரித்தால் அது செல்லம். சுற்றி இருப்பவர்கள் மட்டும் சிரித்தால் அது கேலி.

*'வேண்டாம்' என்று சொன்னால் நிற்குமா?* நின்றால் அங்கே மரியாதை இருக்கிறது. 'ஐயோ, இதுக்கெல்லாம் கோவமா?' என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டால், அதற்குப் பெயர் பாசம் இல்லை.

*எங்கே சொல்கிறார்கள்?* அடுப்படியில் இனிக்கும் பெயர், ஸ்கூல் வாசலில் கசக்கலாம். பிள்ளையின் நண்பர்கள் முன்னால் 'புஜ்ஜிம்மா' என்று கூப்பிடும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆறாம் நம்பர் பெட்

இப்போது மிச்சக் கதை. போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் அம்மாவிடமிருந்து போன். 'அப்பத்தா என்னென்னமோ பேசுறாங்கடி. யாரையும் அடையாளம் தெரியல.' வயசு எண்பத்து நாலு. ராத்திரி பஸ் பிடித்து மதுரைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் அவர் 'ஆறாம் நம்பர் பெட் பாட்டி'. கையில் போட்டிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் யாரையும் பார்க்கவில்லை. 'இந்தா வர்றேண்ணே... இந்தா வந்துட்டேன்' என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் விளக்கினார். உடம்பில் சோடியம் குறைந்திருக்கிறது. வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான். சிலவகை பிரஷர் மாத்திரைகள், வாந்தி, சரியாகச் சாப்பிடாதது எனப் பல காரணங்கள் இருக்கலாம். அதனால் வரும் இந்தத் திடீர்க் குழப்பத்துக்கு 'டெலிரியம்' என்று பெயர். மறதி நோய் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். இது சில மணி நேரத்தில், சில நாள்களில் வந்துவிடும். காலையில் தெளிவாக இருப்பார், சாயங்காலம் குழம்புவார். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிவும் திரும்பிவிடும். (வீட்டில் இப்படி நடந்தால், 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். நாமாக உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பதும் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.)

பக்கத்தில் போய் என் பெயரைச் சொன்னேன். 'யாரு?' என்றார். மறுபடி சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன நினைத்தேனோ, குனிந்து காதருகில், 'அப்பத்தா, ஆழாக்கு வந்திருக்கேன்' என்றேன்.

கை நின்றது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். 'ஆழாக்கா? பள்ளிக்கூடம் விட்டாச்சா?'

எனக்கு இருபத்தெட்டு வயசு. 'விட்டாச்சு அப்பத்தா' என்றேன். 'சோறு தின்னியா?' என்று கேட்டார். என் விரலைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் வந்து ஊசியைச் சரிசெய்யும் வரை கையை உதறவே இல்லை.

சினிமா மாதிரி உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்றைக்கு ராத்திரியும் குழம்பினார். டாக்டரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். 'பேர் சொன்னா சோடியம் ஏறாதும்மா. அதுக்கு மருந்துதான். ஆனா, பயம் குறையும். பயம் குறைஞ்சா ஊசியைப் பிடுங்க மாட்டாங்க, தூங்குவாங்க. அது ட்ரீட்மென்ட்டுக்கு உதவிதான்' என்றார். பழகிய முகம் பக்கத்தில் இருப்பது, கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடுவது, பகலில் வெளிச்சமும் ராத்திரியில் அமைதியும் இருப்பது, 'இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு செவ்வாய்க்கிழமை' என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பது... டெலிரியம் வந்தவர்களுக்கு இவை எல்லாமே பராமரிப்பின் பகுதிதான் என்றார்.

ஐந்தாம் நாள் அப்பத்தா தெளிந்துவிட்டார். தெளிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? தடுமாறித் தடுமாறி என் சர்ட்டிஃபிகேட் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

'பழைய பேரே கூப்பிடு அப்பத்தா' என்றேன்.

'நீதானத்தா வேணாம்ன?'

'அது ஸ்கூல்ல கூப்பிட்டவங்களுக்கு. உனக்கில்ல.'

'எனக்கு எப்புடித்தா தெரியும்?' என்றார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே கேட்டார். பதினைந்து வருஷமாக நான் அதைச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூப்பிட ஆள் இருக்கிறதா?

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் கேட்டேன். 'உன்னைச் சின்ன வயசுல எப்படிக் கூப்பிடுவாங்க அப்பத்தா?' வெட்கப்பட்டார். 'எங்கண்ணன் வண்டுன்னு கூப்பிடும். சும்மா இருக்க மாட்டேன், சுத்திக்கிட்டே இருப்பேன்ல...'

அந்த அண்ணன் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'இந்தா வர்றேண்ணே' என்று ஆஸ்பத்திரியில் அவர் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது.

கல்யாணமானதும் அவர் இன்னார் பொண்டாட்டி. அப்புறம் இன்னார் அம்மா. அப்புறம் அப்பத்தா. ஆஸ்பத்திரியில் ஆறாம் நம்பர் பெட். 'வண்டு' என்று கூப்பிட உரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வயதாவது என்றால் முட்டி வலியும் கண்புரையும்தான் என்று நினைக்கிறோம். நம்மைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருவதும் அதில் ஒன்று.

'இதெல்லாம் சென்டிமென்ட். ஆரோக்கியத்துக்கும் இதுக்கும் என்ன?' என்று கேட்கலாம். 1948-லேயே உலக சுகாதார நிறுவனம், நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் இல்லை, உடல், மனம், சமூகம் மூன்றிலும் நலமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. 724 ஆண்களை இளம் வயதில் இருந்து வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்தார்கள். இப்போது அவர்களின் பிள்ளைகள் வரை அந்த ஆய்வு நீள்கிறது. பணம், புகழைவிட நெருக்கமான உறவுகள்தான் மனிதர்களை நீண்ட காலம் சந்தோஷமாகவும் ஆரோக்கியமாகவும் வைத்திருந்தன என்பதுதான் அதில் தெரியவந்த முக்கியமான விஷயம். 2023 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், தனிமையைக் கவனிக்கவே ஒரு தனிக் குழு அமைத்தது.

செல்லப்பெயர் சொன்னால் ஆயுசு கூடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவர் இருக்கிறார் என்றால், உங்களுக்கு நெருக்கமான உறவு ஒன்று உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு இதைவிட எளிமையான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரம் செய்து பாருங்களேன்!

* வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், 'சின்ன வயசுல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?' என்று கேளுங்கள். அம்மா, மாமியார், தாத்தா, யாராக இருந்தாலும் சரி. பெயரோடு ஒரு கதையும் வரும்.

* அவர்களை அந்தப் பெயரில் கூப்பிட நமக்கு வயசும் உறவும் இடம்கொடுக்காமல் இருக்கலாம். கூப்பிடக்கூடிய தோழியோ, தம்பியோ எங்காவது இருந்தால் ஒரு வீடியோ கால் போட்டுக் கொடுங்கள்.

* பெரியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, மாத்திரைப் பட்டியலோடு, அவர்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவோம் என்பதையும் நர்ஸிடம் சொல்லுங்கள்.

* உங்கள் பிள்ளையிடம், 'உன்னை இப்படிக் கூப்பிடுறது பிடிச்சிருக்கா?' என்று ஒருமுறை கேளுங்கள். இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். 'அப்போ எப்படிக் கூப்பிடட்டும்?' என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டில் விட்டுப்போனது இந்த இரண்டாவது கேள்விதான்.

* ஸ்கூல் நண்பர் யாரையாவது அவருக்குப் பிடிக்காத பெயரில் கூப்பிட்டிருந்தால், ஒரு 'ஸாரிடா' சொல்வதற்கு இப்போதும் நேரம் இருக்கிறது. என் சித்தி பையன் போன பொங்கலுக்குச் சொன்னான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலிருந்து போன் வரும். 'ஏத்தா ஆழாக்கு, நல்லாருக்கியா?' ஸ்பீக்கரில் இருந்தால் என் ரூம்மேட் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வாடகை, டெட்லைன், தூக்கமின்மை எல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆனாலும், 'நல்லாருக்கேன் அப்பத்தா' என்று சொல்லும்போது அது பொய்யாக இருப்பதில்லை.

உங்களை யார், எப்படிக் கூப்பிடுவாங்க? கடைசியாக அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆச்சு? இன்றைக்கே ஒரு போன் போடுங்களேன்.